நூற்று நாற்பத்து மூன்று சீட்டுகள்

“எட்சன்ல இருந்து எ. சஜிதால இருந்து ஜி. கடைசியில ஒரு ஷா. எஜிஷா. எப்படி இருக்கு?”

“ஷா யாருக்க பேருல இருந்து வந்து?”

“அது சும்மா, ஒரு அழகுக்கு.”

“மருந்து பேரு மாதிரில்லா இருக்கு. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்புறம்.”

“சிரி, சிரி. உலகத்துல வேற ஒரு பிள்ளைக்கும் இந்தப் பேரு இருக்காது, பாத்துக்க.”

வடசேரி பஸ் ஸ்டாண்டில், காய்கறிப் பை காலடியில் இருக்க, ஊருக்குப் போகும் பஸ் வராமல் இருந்த அரை மணி நேரத்தில் நடந்த பேச்சு இது. எனக்கு அப்போது வயிற்றில் ஆறு மாதம். என் கணவர் எட்சன் பழைய ரசீது ஒன்றின் பின்பக்கத்தில் எழுத்துகளைக் கூட்டியும் வெட்டியும் மகளுக்குப் பெயர் செய்துகொண்டிருந்தார். ஆண் பிள்ளைக்கும் ஒரு பெயர் தயாராக இருந்தது. அது இதைவிட மோசம்.

எங்கள் மாவட்டத்தில் இது ஏறக்குறைய குடிசைத் தொழில். அப்பாவின் பெயரில் ஒரு துண்டு, அம்மாவின் பெயரில் ஒரு துண்டு, ஓசைக்கு ஒரு எழுத்து. வகுப்புக்கு நாலு லிஜின், மூன்று பெபிஷா. அர்த்தம் என்ன என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் நாங்கள் பேச்சை மாற்றிவிடுவோம்.

எட்சன் சொன்னது பலித்தது. உலகத்தில் வேறு எந்தப் பிள்ளைக்கும் அந்தப் பெயர் வைக்கப்படவில்லை. எங்கள் பிள்ளைக்கும் வைக்கப்படவில்லை. ஏழரை மாதத்தில் பிறந்தாள், இரண்டு நாள் இருந்தாள். ஆஸ்பத்திரித் தாள்களில் எல்லாம் ‘சஜிதாவின் பெண் குழந்தை’ என்றே இருந்தது. எட்சன் அதைத் திருத்தச் சொல்லவில்லை. திருத்தி என்ன ஆகப்போகிறது என்று நினைத்திருப்பார்.

ஏழு வருடம் ஆகிவிட்டது. அந்தப் பெயரை அவர் அதற்குப் பிறகு ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. குறை சொல்ல முடியாத மனிதர். மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் ஷிப்ட் முடிந்து வரும்போது எனக்குப் பிடித்த நெத்திலி வாங்கி வருவார். கறுப்பு மணல் ஒட்டிய சட்டையை நான் தொடுவதற்கு முன் தானே அலசிப் போடுவார். கேட்டதையெல்லாம் செய்வார். ஒன்றை மட்டும் நான் கேட்கவில்லை. அந்தப் பெயரை ஒரே ஒரு தடவை அவர் வாயால் சொல்ல வேண்டும். அவர் செய்த பெயர் அது. அவர் சொல்லாவிட்டால் சொல்வதற்கு வேறு ஆள் கிடையாது. எனக்கும் தனியாகச் சொல்ல வரவில்லை.

இதை ஒரு நாள் கேட்டுவிட வேண்டும் என்று ஏழு வருடமாகத் தேங்காய் அரைத்துக்கொண்டே நினைத்திருக்கிறேன். அவர் சமையலறைக்கு வந்தால், உப்பு போதுமா என்று கேட்பேன்.

இப்படிப்பட்ட நான் என்ன வேலைக்குப் போனேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஊர் ஊராகப் போய், “மனசில் உள்ளதை மறைக்காமல் பேசுங்கள்” என்று ஜனங்களுக்குச் சொல்லும் வேலைக்கு.

நெய்யூருக்குப் பக்கத்தில் ஒரு டைல்ஸ் கடையின் மாடியில், ஒரு சின்ன அறக்கட்டளை அரசு மானியம் வாங்கி மனநல ஆலோசனை மையம் தொடங்கியது. ஆலோசகர் ஜெனிலா. உளவியல் படித்த, அதிகம் பேசாத பெண். நான் ஒருங்கிணைப்பாளர், அதாவது ஜெனிலா பேசாததையெல்லாம் பேசுகிறவள். சுய உதவிக் குழுக் கூட்டங்களிலும் சர்ச் பெண்கள் ஐக்கியத்திலும் ஒலிபெருக்கியைக் கையில் வாங்கி, பேசினால் பாரம் குறையும், வெட்கப்பட எதுவுமில்லை என்று முழங்குவேன். ஒரு தடவை எனக்கே கண் கலங்கிவிட்டது. அவ்வளவு நன்றாகப் பேசினேன்.

மானியம் இரண்டு வருடத்துக்கு. ஆனால் இரண்டாம் வருடத்துக்கு உரிய தவணை வர வேண்டுமானால், ஆலோசனைக்கு வந்தவர்கள் இத்தனை பேர் என்று காட்ட வேண்டும். இன்னொரு நிபந்தனை, வாசலில் பெரிய பலகை. ஆறடி நீளம், நாலடி உயரம், ‘மனநல ஆலோசனை மையம்’ என்று நீல நிறத்தில் வெள்ளை எழுத்து. பலகை ஏறிய மறுநாளிலிருந்து முன்வாசல் வழியாக மாடிக்கு யாரும் ஏறவில்லை. கீழே டைல்ஸ் பார்க்க வருகிறவர்கள்கூடக் குறைந்துவிட்டதாகக் கடைக்காரர் வந்து வருத்தப்பட்டார். பலகைக்குக் கீழே நின்று குளியலறைக்கு டைல்ஸ் பார்த்தாலும் யாராவது கண்டுவிட்டால் வீட்டுப் பெண்ணுக்குச் சம்பந்தம் பேசும்போது அது கதையாக வரும். கல்யாண விசாரணையில் எங்கள் ஊர்க்காரர்கள் போலீசை விடக் கெட்டிக்காரர்கள்.

மூன்று மாதம் பெரும்பாலான நேரம் நானும் ஜெனிலாவும் எதிரெதிரே உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்தோம். பிறகுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை வந்தது.

எங்கள் சர்ச்சில் ஒரு ஜெபப் பெட்டி உண்டு. தேக்குப் பெட்டி, மேலே ஒரு வாய், முன்னால் சின்னப் பூட்டு. மனசில் பாரம் உள்ளவர்கள் ஒரு சீட்டில் எழுதிப் போடுவார்கள். பெயர் எழுதும் வழக்கம் இல்லை. ‘ஒரு சகோதரியின் கால்வலி நீங்க’, ‘ஒரு தம்பிக்கு விசா கிடைக்க’. வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாராவது ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கும்போது, ராஜபாய் அக்கா சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசிப்பார். வாசித்து முடிக்க, எல்லாரும் ஆமென் சொல்வோம். முகம் தெரியாமல் கேட்டுக்கொள்ள இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா? அந்தப் பெட்டியைச் செய்த ஆசாரியையே கூப்பிட்டு, சர்ச்சில் உள்ளது மாதிரியே ஒரு பெட்டி செய்யச் சொன்னேன். அதை மாடிப்படியின் கீழே, டைல்ஸ் கடைக்கும் எங்களுக்கும் பொதுவான சுவரில் மாட்டினோம். ‘உதவி வேண்டுவோர் சீட்டு எழுதிப் போடவும்’ என்று மேலே ஒட்டினேன்.

ஒரே மாதத்தில் பெட்டி நிறைந்தது.

அப்போது ஜெனிலா தேர்வு எழுத விடுப்பில் இருந்தாள். அரையாண்டு அறிக்கைக்குக் கடைசி நாள் வந்துவிட்டது. நான் பெட்டியைத் திறந்தேன். ஆலோசனை நாடுவோரின் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்ததால் ஒரு சீட்டையும் பிரித்துப் படிக்கவில்லை. எண்ண மட்டும் செய்தேன். நூற்று நாற்பத்து மூன்று. நம்ப முடியாமல் இன்னொரு தடவை எண்ணினேன். ‘மையத்தை நாடி வந்தவர்கள்: 143’ என்று நிரப்பி அனுப்பிவிட்டு, என்னைப் போல ஓர் ஒருங்கிணைப்பாளர் இந்த மாவட்டத்துக்குக் கிடைத்ததை நினைத்து அன்று இரண்டு பழம்பொரி சாப்பிட்டேன்.

ஜெனிலா வந்து சீட்டுகளைப் பிரித்தாள். பத்துப் பதினைந்து சீட்டு படித்ததும் கண்ணாடியைக் கழற்றினாள்.

“அக்கா, எருமை சினை பிடிக்க நான் என்ன ஆலோசனை சொல்லணும்?”

எல்லாம் ஜெப விண்ணப்பங்கள். அதே ஆசாரி, அதே தேக்கு, அதே வாய். எங்கள் ஜனங்கள் வேறு என்ன நினைப்பார்கள்? ரப்பர் விலை ஏற ஒன்று. குவைத் விசாவுக்குப் பதினேழு. கிணற்றில் வெள்ளம் ஊற ஒன்று. அரசுத் தேர்வில் தேற இருபதுக்கு மேல். ஒரு சீட்டில், ‘டைல்ஸ் கடைக்காரர் சொன்ன நாளில் டைல்ஸ் தர’ என்று இருந்தது. அதைக் கடைக்காரரிடமே கொடுத்துவிடலாமா என்று ஜெனிலா கேட்டாள். ஒரு சீட்டிலும் பெயர் இல்லை.

இதில் நான் இன்னும் சொல்லாத கேவலம் ஒன்று உண்டு. அந்த நூற்று நாற்பத்து மூன்றில் ஒரு சீட்டு என்னுடையது.

நாலு வருடமாக நான் சர்ச் பெட்டியில் வாரம் ஒரு சீட்டு போட்டு வந்தேன். ‘ஒரு சகோதரியின் வீட்டில் ஒரு காரியம் வாய்க்க.’ ராஜபாய் அக்கா அதை வாசிப்பார். எதிர்ப்பக்கம் ஆண்களோடு உட்கார்ந்திருக்கும் எட்சன் ஆமென் சொல்வார். அவருக்குப் பாடகர் குழுவில் கட்டைக் குரல் பாடும் தொண்டை. முழு வீட்டிலும் அவருடைய ஆமென்தான் தனியாகக் கேட்கும். தன்னிடம் கேட்க வேண்டியதை நான் கர்த்தரிடம் மனுப் போட்டுக்கொண்டிருக்க, அவர் வாரந்தோறும் அதைப் பலமாக ஆதரித்துக்கொண்டிருந்தார். அது என்ன காரியமாக இருக்கும் என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். வீடு கட்டுகிற காரியமாக இருக்கும் என்று நானும் ஒரு தடவை ஊகம் சொன்னேன். மையத்தில் புதிய பெட்டி மாட்டிய அன்று, ராசியாக இருக்கட்டும் என்று முதல் சீட்டை நான்தான் போட்டேன். கை பழக்கத்தில் அதையே எழுதியது.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. நூற்று நாற்பத்து மூன்று என்ற எண் மேலிடத்தின் கண்ணில் பட்டிருந்தது. வேறு எந்த மையமும் நாற்பதைத் தாண்டவில்லையாம். வியாழக்கிழமை ஓர் அதிகாரி நேரில் வந்து, பதிவேட்டில் வந்தவர்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பைப் பார்ப்பார். எங்கள் பதிவேட்டில் பதினொரு ஒப்பு இருந்தது.

அந்தப் பதினொரு பேருக்காகத்தான் எனக்குப் பயம் வந்தது. பின்பக்கப் படி வழியாக, குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, வெயிலிலும் மழையிலும் வருகிறவர்கள் அவர்கள். முதல் மூன்று வாரம் ஒரு வார்த்தையும் பேசாமல் போன ஒரு பெண் நாலாம் வாரம் ஒரு மணி நேரம் பேசினாள். என் எண்ணிக்கைக் கிறுக்கால் மையம் மூடினால் அவள் குடையை எடுத்துக்கொண்டு எங்கே போவாள்?

புதன்கிழமை ராஜபாய் அக்காவின் தையல் கடைக்குப் போனேன். நாலைந்து சீட்டுகளில் உண்மையிலேயே ஆலோசனை தேவைப்படும் காரியங்கள் இருந்தன. ‘ஒரு தாய்க்குத் தூக்கம் வர’, ‘அறையை விட்டு வெளியே வராத ஒரு மகன் வர’. எல்லாருடைய கையெழுத்தும் தெரிந்தவர் அக்கா. இன்னார் என்று சொன்னால் நான் வீட்டுக்கே போய்ப் பேசி ஒப்பு வாங்கிவிடுவேன் என்றேன்.

அக்கா மெஷினை நிறுத்தவில்லை. பேர் வேண்டாம் என்று எழுதினவர்களின் பேரைச் சொல்வது தன்னால் ஆகாது என்றார். மானியம் போய்விடும் என்றேன். போகட்டும் என்றார். நான் எழுந்து வாசல் வரைக்கும் வந்த பிறகுதான் மெஷின் நின்றது.

“ஏட்டி சஜி, எல்லாருக்க எழுத்தும் எனக்குத் தெரியும்னு சொன்னியே. உனக்க எழுத்து தெரியாதுன்னு நெனச்சியா?”

நான் திரும்பவில்லை.

“நாலு வருசமா வாசிக்கேன். அந்தப் பய தொண்ட கிழிய ஆமென் சொல்லுகான். எதுக்கு சொல்லுகோம்னு அவனுக்கு ஒருநாள் சொல்லிக் குடு.”

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. ஒலிபெருக்கி பிடித்து நான் பேசிய எல்லா மேடைகளிலும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் இந்த அக்கா. என்ன நினைத்துக்கொண்டு கைதட்டியிருப்பார் என்று வீடு வரும் வரை யோசித்தேன்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு அனில்குமார் சார் வந்தார். அதிகாரி என்றதும் நான் கற்பனை செய்திருந்த மீசை அவருக்கு இல்லை. களைத்த முகம், கையில் தண்ணீர் பாட்டில். பொய் சொல்ல நான் இரண்டு நாளாகத் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் அவர் உட்கார்ந்ததும் மறந்துவிட்டன. பெட்டியின் கதை முழுவதையும் சொன்னேன். சீட்டுகளை மேசையில் கொட்டினேன். எருமையிலிருந்து டைல்ஸ் வரை அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். தூக்கம் வராத தாயின் சீட்டை இரண்டு தடவை படித்தார். பிறகு பதிவேட்டின் பதினொரு ஒப்புகளையும் பார்த்தார்.

திருத்திய அறிக்கையில் உண்மையான எண்ணைப் போட்டு உடனே அனுப்பச் சொன்னார். மார்ச் மாதத்துக்குள் இருபது பேர் ஆனால் மையம் தொடர வேண்டும் என்று தாம் எழுதுவதாகவும், ஆகாவிட்டால் தம் கையில் ஒன்றுமில்லை என்றும் சொன்னார். பிறகு, ஆட்கள் வராததற்கு என்ன காரணம் என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நான் பிறந்திருக்கிறேன். சமூகத்தின் தயக்கம், விழிப்புணர்வின்மை, நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற அச்சம் எல்லாவற்றையும் பத்து நிமிடம் பேசினேன். வெட்கத்தை உடைப்பது நம் வீட்டில் இருந்துதான் தொடங்க வேண்டும் என்று முடித்தேன். ஜெனிலா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அனில்குமார் சார் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“எதிர்ல அந்த பேக்கரியில, ஹெல்மெட்ட கழட்டாமலே சாயா குடிக்காரே ஒருத்தர். நான் வந்ததுல இருந்து பார்க்கேன். அவரும் இங்க வர வேண்டியவரா? மேல வரத் தயங்குகாரோ?”

நானும் எட்டிப் பார்த்தேன். பார்க்காமலே தெரியும்.

“அது எனக்க வீட்டுக்காரரு சார். என்னக் கூட்டிட்டுப் போக வந்திருக்காரு.”

மையம் தொடங்கியதிலிருந்து அப்படித்தான். காலை ஷிப்ட் இருக்கும் நாட்களில் எட்சன் என்னை அழைத்துப் போக வருவார். இந்தப் பக்கம் நிற்க மாட்டார். பலகைக்குக் கீழே நின்றால் யாராவது தப்பாக நினைப்பார்கள் என்று, சாலைக்கு அந்தப் பக்கம், ஹெல்மெட்டின் கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டுச் சாயா குடிப்பார். நானும் ஒரு நாளும் மேலே கூப்பிட்டதில்லை.

அனில்குமார் சார் வேறு ஒன்றும் கேட்கவில்லை. பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். ஜெனிலாவும், பஸ் வரும் நேரம் ஆகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டாள். அவளுடைய பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது எனக்குத் தெரியும்.

மேசை நிறையச் சீட்டுகள். நான் கைப்பேசியை எடுத்தேன். மேலே வாருங்கள் என்றேன். என்ன ஆச்சு என்று கேட்டார். ஒன்றும் இல்லை, சீட்டுகளை அடுக்க ஓர் ஆள் வேண்டும் என்றேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எட்சன் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். வண்டி வருகிறதா என்று பார்ப்பதைவிட அதிக நேரம் பார்த்தார். பிறகு ஹெல்மெட்டோடு சாலையைக் கடந்தார். டைல்ஸ் கடைக்காரர் அவரை முகம் தெரியாமல் பார்த்து, திருடனோ என்று பாதிப் படி வரை கூடவே வந்துவிட்டுத் திரும்பிப் போனார்.

உள்ளே வந்ததும் எட்சன் ஹெல்மெட்டைக் கழற்றினார். வேர்த்து, தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அறையைச் சுற்றிப் பார்த்தார். இரண்டு நாற்காலி, ஒரு மேசை, ஒரு தண்ணீர்ப் பானை. இவ்வளவுதானா என்பது போல இருந்தது அவர் முகம். ஜெனிலாவுக்கு எதிரே, ஆலோசனைக்கு வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். அது அந்த நாற்காலி என்று அவருக்குத் தெரியாது. நான் ஜெனிலாவின் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

விசா தனி, தேர்வு தனி, ஆடுமாடு தனி என்று அடுக்கத் தொடங்கினோம். எருமைச் சீட்டைப் படித்து அவர் சிரித்தார். அது யார் வீட்டு எருமை என்று தமக்குத் தெரியும் என்றார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பிலேயே இன்றைக்கும் தப்பித்துவிடலாம் என்று தோன்றியது. உப்பு போதுமா என்று கேட்க இங்கே குழம்பு இல்லை, அவ்வளவுதான்.

அவர் கை ஒரு சீட்டில் நின்றது. அதை வெளிச்சத்துக்குத் திருப்பினார். பதினொரு வருடமாக நான் எழுதிக் கொடுத்த பலசரக்குச் சீட்டைப் பார்த்துக் கடைக்குப் போகிறவர் அவர்.

“சஜி, இது உனக்க எழுத்துல்லா?”

“ஆமா.”

“வெள்ளிக்கிழம தோறும் வாசிக்கியது இதுதானே. ஒரு சகோதரிக்க வீட்டுல...” அவர் நிறுத்தினார். “இதுக்கு நானல்லா ஆமென் சொல்லுகேன்.”

“நீங்கதான் சத்தமா சொல்லுவிய.”

அவர் சீட்டை மேசையில் வைத்தார். எந்த அடுக்கிலும் சேர்க்காமல், எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார்.

“நம்ம வீட்டுலயா? என்ன காரியம்?”

எதிரே உட்கார்ந்தவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் ஜெனிலா அவசரப்படுத்த மாட்டாள். அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான்தான் இப்போது நேரம் எடுத்துக்கொண்டேன். கீழே யாரோ டைல்ஸைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. எட்சன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார். சட்டைக் கையின் மடிப்பில் கொஞ்சம் கறுப்பு மணல் ஒட்டியிருந்தது. எனக்கு ஒலிபெருக்கி இல்லை.

“வடசேரி பஸ் ஸ்டாண்டுல ஒரு பேரு செய்தியளே. நம்ம பிள்ளைக்கு. அதை ஒரு தடவ சொல்லுங்க. எனக்கு அத உங்க வாயால கேக்கணும்.”